கேம்பர் கூரையில் நான் அடைத்த ஓட்டைகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆகஸ்ட் மாதத்தில் நடந்தது இது. இடம், டெக்சாஸில் ஆஸ்டினுக்கு வடக்கே நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஓர் ஆர்.வி. பார்க். சரளைக்கல் கொட்டிய பெரிய மைதானம் அது. வீட்டை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் அங்கே நிறுத்தி, கரன்ட்டும் தண்ணீரும் இணைத்துக்கொண்டு வாடகைக்குத் தங்கலாம். சுற்றுலா வருகிறவர்கள் மூன்று நாள், நான்கு நாள் இருப்பார்கள். நாங்கள் ஐந்து மாதம் இருந்தோம்.

நாங்கள் சுற்றுலா வரவில்லை. இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் வாட்டர் ஹீட்டரைப் பரணில் வைத்துவிடுகிறார்கள். மே மாதம் ஒரு வார இறுதியில், மகளைப் பார்க்க அவள் கல்லூரிக்குப் போயிருந்தபோது எங்கள் வீட்டு ஹீட்டர் உடைந்து, இரண்டு நாள் தண்ணீர் கொட்டியிருக்கிறது. திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஹாலின் கூரை சோபா மேல் கிடந்தது. இன்ஷூரன்ஸ்காரர்கள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். அவர்கள் கொடுத்த ஓட்டல் நாட்கள் ஜூன் நடுவில் முடிந்துவிட்டன; வீட்டைச் சரிசெய்யும் வேலை ஆரம்பிக்கவே இல்லை. இதற்கு நடுவில் என் கணவருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன். அது முன்பே குறித்த தேதி. அவருக்கு இடது கால் மரத்துப்போக ஆரம்பித்திருந்ததால் தள்ளிப்போடவும் முடியாது.

நான் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் டீமுக்கு லீட். வீட்டிலிருந்தே வேலை. அதாவது, வீடு இருந்தவரை.

எங்கள் பகுதித் தமிழர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. பழைய கட்டில் விற்பது முதல் நல்ல பல் டாக்டர் யார் என்பது வரை எல்லாம் அதில்தான். அந்தக் குரூப்பில் ஒருவர் இப்படி இழுத்துப்போகும் பழைய வீடுகளை, அதாவது கேம்பர் டிரெய்லர்களை, சரிசெய்து விற்பதாக அவ்வப்போது போடுவார். ஐம்பது வயது இருக்கும். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். ஐடி வேலை போன பிறகு வேறு வேலைக்கு அலைந்து அலுத்துப்போய், கணவனும் மனைவியுமாக ஹூஸ்டன் பக்கம் ஒரு ஷெட் எடுத்து இதைச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவரிடம்தான் ஒரு கேம்பர் வாங்கினோம். உள்ளே ஒரு சின்ன சமையல் மேடை, ஒரு படுக்கை, விரித்தால் கட்டிலாகும் ஒரு சோபா, நின்றால் தோள் இடிக்கும் பாத்ரூம். கூரையின் நடுவில், ஒரு பெரிய சூட்கேஸைக் கவிழ்த்து வைத்ததுபோல ஏசி.

அவரே அதை இழுத்துக்கொண்டு வந்து பார்க்கில் நிறுத்திக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் ஒவ்வொன்றாகக் காட்டினார். எந்தக் குழாயை எப்போது திறக்க வேண்டும், கரன்ட் போனால் எந்த சுவிட்ச், ஃபில்டரை எப்படிக் கழற்றிக் கழுவ வேண்டும், எல்லாம். என் ஒரு காதில் அவர் பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு காதில் ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே “ம்” சொல்லிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது அவர், “எதுன்னாலும் எனக்கு ஒரு போன் அடிங்க. நீங்களா எதையும் கழட்ட வேண்டாம்” என்றார். அதற்கும் “ம்” சொன்னேன்.

ஜூலை கடைசியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, உடம்பைத் திருகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். படுக்கை உயரமாக இருந்ததால் அவர் சோபாக் கட்டிலில்தான் படுத்திருந்தார், நேராக ஏசிக்குக் கீழே. நான் காலையில் அவரை எழுப்பி, நடக்க வைத்து, மாத்திரை கொடுத்து, சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்து நின்றபடியே வேலை பார்ப்பேன். மதியம் காண்ட்ராக்டரைப் பார்க்க வீட்டுக்கு ஓடுவேன். இன்ஷூரன்ஸுக்கு போன், ஆஸ்பத்திரிக்கு போன், பிளம்பருக்கு போன். ஒவ்வொரு போனிலும் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் என் குரலே எனக்குச் சலித்துப்போயிருந்தது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நாள் இடியோடு பெருமழை. மழை நின்றபோது பார்த்தால் ஏசியின் ஓரத்தில், உள்கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பத்துச் சொட்டுகூட இருக்காது. ஒரு வீட்டுக் கூரை விழுந்ததைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு அது போதும்.

அப்போது நான் கேம்பர் விற்றவருக்கு போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அவர் எப்படியும் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அதுகூடக் காரணமில்லை. இன்னொரு ஆளுக்கு போன் செய்து இன்னொரு கதையை முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒரு ட்யூபை வாங்கி நானே பூசிவிடுவது சுலபம் என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், பார்க் ஆபீஸில் ஏணியை இரவல் வாங்கிக் கூரையில் ஏறினேன். இரண்டு வீடியோ பார்த்திருந்தேன், இரண்டையும் பாதிதான். கையில் ஓட்டை அடைக்கும் வெள்ளை சீலன்ட் பசை, மூன்று ட்யூப். ஏசியின் அடிப்பகுதி கூரையோடு சேரும் இடம் முழுக்கச் சுற்றிலும் பூசினேன். குனிந்து பார்த்தபோது மூடிக்குக் கீழே அடித்தட்டின் ஓரங்களில் விரல் நுனி அளவுக்குச் சில ஓட்டைகள் தெரிந்தன. இதோ, இதன் வழியாகத்தான் மழை உள்ளே போயிருக்கிறது என்று தோன்றியது. ட்யூபின் மூக்கை ஒவ்வொன்றிலும் விட்டு நிறைய அழுத்தினேன். கீழே இறங்கும்போது முட்டியெல்லாம் எரிந்தது. ஆனால் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு வேலையை ஆரம்பித்து முடித்திருந்தேன். யாருக்கும் போன் செய்யாமல். அந்தச் சந்தோஷத்தில் கணவருக்கு ரவா தோசை சுட்டுக் கொடுத்தேன்.

நான்கைந்து நாள் வறட்டு வெயில். பிறகு கடல் பக்கமிருந்து காற்று திரும்பி, சென்னைபோலப் புழுங்க ஆரம்பித்தது. ஏசி நிற்காமல் ஓடியது. அப்போதுதான் மறுபடியும் சொட்டியது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை, மழை பெய்து இரண்டு வாரம் ஆகிறது, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. உள்கூரையில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் விழுந்து நாளுக்கு நாள் அகன்றது. ஊறின அட்டையின் வாடை. போன மழையின் தண்ணீர்தான் எங்கோ தேங்கி இருந்து இறங்குகிறது, அதாவது கூரையே உளுத்துப்போய்விட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். கீழே ஒரு சாம்பார் பாத்திரத்தை வைத்தேன். வேறென்ன செய்வது என்று யோசிக்க உட்காரக்கூட இல்லை.

மறுநாள் மதியம் இரண்டு மணி இருக்கும். வீட்டில் காண்ட்ராக்டரோடு நின்றுகொண்டிருந்தேன். கணவர் கூப்பிட்டார்.

“பயப்படாதே. கீழ விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல.”

இருபத்தைந்து நிமிட டிரைவ். அதை எப்படி ஓட்டினேன் என்று இன்றுவரை நினைவில்லை. போய்ப் பார்த்தபோது அவர் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். பாத்திரம் நிரம்பி வழிந்திருக்கிறது. அதை நகர்த்தலாம் என்று எழுந்தவர் ஈரத்தில் வழுக்கி விழுந்திருக்கிறார். நான் உள்ளே நுழைந்தபோதும் அவர் முழங்கால் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். அடுத்த டிரெய்லரில் இருந்த தம்பதி ஓடி வந்து உதவினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது.

எமர்ஜென்சியில் அவரை ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயே போனை எடுத்தேன். பழுப்பு வட்டத்தின் போட்டோவைப் போட்டு, அந்த மனிதரின் பெயரையும் நம்பரையும் போட்டு, குரூப்பில் எழுதினேன்: “தெரிஞ்சே ஓட்டைக் கூரையை எங்க தலையில கட்டிட்டாரு. என் ஹஸ்பெண்ட் ஆபரேஷன் பண்ணின முதுகோட விழுந்து இப்ப எமர்ஜென்சில இருக்காரு. யாரும் இவர்கிட்ட எதுவும் வாங்காதீங்க.”

எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுத்த அரை மணியில் போன் ஓயவே இல்லை. அனுதாபம், கோபம், வழக்குப் போடச் சொல்லி யோசனை. ஒருவர், “நல்ல வேளை, சனிக்கிழமை அவர்கிட்ட வண்டி எடுக்கப் போறதா இருந்தோம். கேன்சல் பண்ணிட்டோம், தேங்க்ஸ்” என்று போட்டிருந்தார். அதைப் படித்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. முதுகுத்தண்டில் வைத்த ஸ்க்ரூ எதுவும் அசையவில்லை, தசைதான் பிடித்திருக்கிறது, உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். அதற்குள் அந்த மனிதர் மூன்று முறை கூப்பிட்டிருந்தார். நான் எடுக்கவில்லை. பிறகு ஒரு மெசேஜ் வந்தது: “குரூப்ல பார்த்தேன். சார் எப்படி இருக்காரு? நாளைக்குக் காலைல வர்றேன். நீங்க என்கூட பேசணும்னு இல்லை. கூரையை மட்டும் பார்த்துட்டுப் போயிடறேன்.” குரூப்பில் அவர் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பதில் சொல்ல முடியாததால்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவருடைய பிக்கப் வந்து நின்றது. ஹூஸ்டன் பக்கத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். எத்தனை மணிக்குக் கிளம்பியிருப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அவர் மனைவியும் வந்திருந்தார். மனைவி இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு முன்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கச் சொல்லி நானும் கூப்பிடவில்லை. ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

அந்த மனிதர் முதலில் உள்ளே போய் என் கணவரைப் பார்த்தார். “வலி எப்படி இருக்கு சார்?” என்றார். என் கணவர், “பரவாயில்லை, ஸ்கேன் நார்மல்” என்றதும் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு பிரேக்கரை அணைத்தார். பிக்கப்பிலிருந்து ஏணியையும், கூரை மேல் முட்டி போட்டுக்கொள்ள ஒரு தடித்த ஃபோம் பலகையையும், ஒரு டூல் பெட்டியையும், பிளாஸ்டிக் உறையில் புத்தம் புதிய ரப்பர் வளையம் ஒன்றையும் எடுத்தார். குறை தன்னுடையதுதான் என்று முடிவு செய்தே அவர் உதிரிப்பாகத்தோடு வந்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மேலே ஏறி மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அவர் கூரையில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “மேடம், கொஞ்சம் மேல ஏறி வர முடியுமா?” என்று கூப்பிட்டார்.

ஏறினேன். மூடி இல்லாமல் ஏசியை அப்போதுதான் முதல் முறை பார்க்கிறேன். அடித்தட்டு முழுக்கத் தண்ணீர், ஒரு சின்னத் தொட்டிபோல. அதில் இலைத் துணுக்குகளும் ஒரு செத்த குளவியும் மிதந்தன. தட்டின் ஓரங்களில், ஓட்டைகள் இருந்த இடங்களில் எல்லாம், வெள்ளைப் பசை உள்பக்கமாகப் பிதுங்கிக் காய்ந்திருந்தது.

“இது யாரு வச்சது?” என்றார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“நான்தான்.”

அவர் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஓர் ஓட்டையில் இருந்த பசையைக் குத்தி நெம்பினார். தண்ணீர் பொளபொளவென்று கூரை மேல் வழிந்து, சரிவில் ஓடி, ஓரத்தில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் வழிந்தது தெரியுமா? முடியவே முடியாதோ என்று இருந்தது.

“இது மழைத் தண்ணி இல்லைங்க. ஏசி காத்துல இருந்து எடுக்குற தண்ணி. இந்த ஓட்டை வழியாத்தான் வெளிய போகணும். ஊர்ல ஸ்ப்ளிட் ஏசிக்கு வெளிய ஒரு ட்யூப் தொங்கும்ல, அது மாதிரி. இதுல ட்யூப் கிடையாது, அம்புட்டுதான்.”

மழை உள்ளே வராமல் காப்பது ஏசிக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் அந்த ரப்பர் வளையம்தான் என்றார். உள்ளேயிருந்து நான்கு நீள போல்ட் அதை அழுத்திப் பிடித்திருக்கும். ரோட்டில் குலுங்கி வந்தால் போல்ட் கொஞ்சம் தளரும். ஒரு மாதம் கழித்து ஒரு முறை முறுக்கிவிட்டால் போதும். நான் முதலில் பார்த்த அந்தப் பத்துச் சொட்டுக்குக் காரணம் அவ்வளவுதான். “அன்னிக்கு சொன்னேனே…” என்று ஆரம்பித்தவர், அதை முடிக்காமல் விட்டுவிட்டார்.

கூரையின் வெள்ளையில் கண் கூசியது. அவருடைய போன் சட்டைப் பையில் இருந்தது. அந்த வெள்ளைப் பசையை ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டிருந்தால் போதும், நான் இருநூறு குடும்பங்களுக்கு நடுவில் தலைகுனிந்து நின்றிருப்பேன். அவர் போனை எடுக்கவே இல்லை.

கீழே இறங்கி நேராக பிக்கப்புக்குப் போனேன். அவர் மனைவி கண்ணாடியைப் பாதி இறக்கினார். என் வயதுதான் இருக்கும். கண்கள் சிவந்திருந்தன. “தப்பு என்னோடதுதாங்க. நான்தான் தண்ணி போற ஓட்டையை அடைச்சிருக்கேன். மன்னிச்சிடுங்க” என்றேன்.

அவர் மெதுவாகத்தான் பேசினார். “வண்டி விக்கலைங்கிறதெல்லாம் அப்புறம்ங்க. நேத்து உங்க மெசேஜைப் பார்த்ததுல இருந்து இவரு ஒரு வாய் சாப்பிடல. எந்த போல்ட்டை விட்டேன், எதைப் பார்க்காம விட்டேன்னு திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டுட்டு இருந்தாரு. என்னால ஒரு மனுஷனுக்குக் கால் போயிருந்தா என்ன பண்ணுவேன்னு கேட்டாரு.”

அப்போதுதான் கூரை மேல் அவர் ஏன் முகத்தை மூடிக்கொண்டார் என்பது எனக்கு உறைத்தது. வெயில் இல்லை. தன்னால் இல்லை என்று தெரிந்த நிம்மதி.

வேலை அதோடு முடியவில்லை. நான் சுற்றிலும் பூசிய பசையில் தண்ணீர் தேங்கித் தேங்கி ரப்பர் வளையம் ஊறிப்போயிருந்தது, மாற்ற வேண்டும். அதற்கு ஏசியைத் தூக்க வேண்டும். ஒரு பெரிய அரிசி மூட்டையைவிடக் கனம். என் கணவரால் அசையவே முடியாது. அவர் மனைவி அப்போதுதான் வண்டியை விட்டு இறங்கினார். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஏணியை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, “எறும்புப் புத்து மேல நிக்கிறீங்க, தள்ளி நில்லுங்க” என்றார். அதுதான் அன்றைக்கு அவர் என்னிடம் கோபமில்லாமல் சொன்ன முதல் வார்த்தை.

என் பசையைச் சுரண்டி எடுக்கவே மூவருக்கும் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. பிளாஸ்டிக் தகட்டால்தான் சுரண்ட வேண்டும், இரும்பு பட்டால் கூரை மேல் ஒட்டியிருக்கும் ரப்பர் விரிப்பு கிழிந்துவிடும். பிறகு ஏசியைத் தூக்கி ஓரமாகச் சாய்த்தோம். பழைய வளையத்தைப் பிய்த்து, இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, புதியதை வைத்தார். மறுபடி தூக்கி நேராக உட்கார வைத்தோம். அவர் மனைவி உள்ளே போய் போல்ட்டை முறுக்க, இவர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் உள்ளே போய் டார்ச் பிடித்தேன். இறுக்கமாக முறுக்கினால் நல்லதுதானே என்று கேட்டேன். “வேண்டாம். வளையம் பாதி தடிமன் ஆனா போதும். ரொம்ப நசுக்கினா ஒரு பக்கம் பிதுங்கிடும், அது வழியாவே தண்ணி வரும்” என்றபடி அவர் மனைவி, ஒரு போல்ட்டுக்கு இரண்டு சுற்று, எதிர்மூலைக்கு இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினார். ஏதாவது கம்பெனியில் அவருக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்திருப்பார்கள் என்று தோன்றும், அப்படி ஒரு நிதானம்.

சோபாவில் படுத்தபடி என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மதியம் ஏசியை ஓடவிட்டோம். கொஞ்ச நேரத்தில் கூரை ஓரத்திலிருந்து வெளியே, சரளைக்கல் மேல், தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். போகும் வழியில் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கெஞ்சியதில் தயிர்சாதம் மட்டும் டப்பாவில் வாங்கிக்கொண்டார்கள். “குரூப்ல நான் எழுதிடறேன்” என்றேன். அவர் டூல் பெட்டியை மூடிக்கொண்டே, “உங்க இஷ்டம்ங்க. படிச்சவங்க படிச்சதுதான்” என்றார். அதைக் குத்தலாகச் சொன்ன மாதிரிகூடத் தெரியவில்லை. களைப்பாகச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு போனை எடுத்து உட்கார்ந்தேன். குற்றம் சாட்டி எழுத ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. இதற்குப் பிற்பகல் முழுக்க ஆனது. முதலில், “ஒரு சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் ஆயிடுச்சு, இப்ப எல்லாம் சரியாயிடுச்சு” என்று எழுதிக் கணவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, “ஆயிடுச்சுன்னா? தானா ஆச்சா? யாரு பண்ணினா?” என்றார். அழித்தேன். மறுபடி எழுதினேன். ஆபரேஷன், வீடு, என் களைப்பு என்று நீளமாகப் போயிற்று. அதைப் படித்துவிட்டு, “உன்மேல பரிதாபப்படச் சொல்லி எழுதியிருக்க” என்றார். முதுகு வலியோடு படுத்திருக்கிற மனிதரிடம் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. கடைசியில் நான்கே வரி: தப்பு என்னுடையது, தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளை நானே அடைத்தேன், அவர் விற்ற வண்டியில் குறை இல்லை, அவர் பெயரைக் கெடுத்ததற்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். கீழே அந்த வெள்ளைப் பசையின் போட்டோ. அவர் எடுக்காததை நானே எடுத்தேன். குப்பைப் பையில் போட்டிருந்த துண்டுகளைத்தான் எடுக்க முடிந்தது.

முதல் மெசேஜுக்கு ஓயாமல் பதில் வந்ததே, இதற்கு ஐந்தாறு கட்டைவிரல்தான் வந்தது. யாரோ அடுத்த நிமிடமே பழைய டைனிங் டேபிள் விற்பனைக்கு என்று போட்டுவிட்டார்கள், என் மெசேஜ் மேலே போய்விட்டது. சனிக்கிழமை வண்டி எடுக்க இருந்தவருக்கு நானே போன் செய்தேன். “அப்படியா? ஆனா நாங்க வேற இடத்துல பார்த்துட்டோமே” என்றார். தெரிந்த ஒரு பெண் தனியாகக் கூப்பிட்டு, எதற்கு உன்னையே இப்படி அசிங்கப்படுத்திக்கொள்கிறாய், பேசாமல் விட்டிருக்கலாமே என்று அக்கறையாகச் சொன்னாள்.

குரூப்பில் ‘இவர் வெளியேறினார்’ என்று அந்த மனிதரின் பெயர் வந்தது. என் மன்னிப்பைப் படித்தாரா என்றுகூடத் தெரியவில்லை.

நவம்பரில் வீடு தயாராகி நாங்கள் திரும்பினோம். என் கணவர் இப்போது நன்றாக நடக்கிறார். கேம்பரில் அதற்குப் பிறகு ஒரு சொட்டு விழவில்லை. அதை விற்கும்போது, விருப்பமிருந்தால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களுக்கு போன் செய்தேன். மனைவிதான் எடுத்தார். என் கணவரின் முதுகைப் பற்றி முதலில் விசாரித்தார். பிறகு, வேண்டாம்ங்க, நல்லபடியாக வேறு யாருக்காவது கொடுங்கள் என்றார். போனை வைப்பதற்கு முன், “நாங்க இப்ப நம்ம ஆளுங்களுக்கு விக்கிறதில்லைங்க. கோவம் எல்லாம் இல்லை. இவருக்குப் பயமா இருக்கு” என்றார்.

நான் போனை வைத்துவிட்டு, விற்பதற்காகக் காலி செய்துகொண்டிருந்த கேம்பரின் சமையல் மேடையைத் துடைத்து முடித்தேன். தப்பை ஒத்துக்கொண்டால், அதுவும் ஊரறிய ஒத்துக்கொண்டால், கணக்கு நேராகிவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன். கூரை ஒரு வாரத்தில் காய்ந்துவிட்டது, வளையம் ஒரு காலைப் பொழுதில் மாறிவிட்டது. ஆனால் தப்பே செய்யாத ஒரு மனிதர் என் ஒரு நிமிடக் கோபத்தை நம்பி, தன்னைத் தானே குற்றவாளியாக்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாரே, அந்த ஒரு நாளைத் திருப்பிக் கொடுக்க எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.